முள் ஏறுவது எப்போது?

"அப்பா, இந்த முள்ளு ஏன் இவ்ளோ மேல நிக்குது?" என்று பக்கத்து சீட்டில் இருந்த மகள் கேட்டபோதுதான் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கும் டெம்பரேச்சர் முள், சிவப்புக் கோட்டைத் தொட ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. நெரிசலில் கால் மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். அதற்கு முன் ஒரு வாரமாகவே, வண்டி நின்றால் ஏசியில் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. காஸ் குறைந்திருக்கும், மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதுதான் முதல் துப்பு என்று எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரக் கதையைத்தான் எழுதப் போகிறேன். வண்டியில் இருந்த பழுது ஒன்றே ஒன்று. மீதி மூன்றும் என் கைவேலை.

அன்றைக்கு நடுரோட்டில் செய்த காரியங்களில் ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் முழு வேகத்தில் திருப்பினேன். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஹீட்டரா என்று மகள் முறைத்தாள். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றி வரும் சுடுநீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. அதில் காற்றை அடித்தால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு நம் முகத்துக்கு வந்துவிடும். முள் சற்றே இறங்கியது. ஓரம் கட்ட அது போதுமாக இருந்தது.

பானெட்டைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். இங்கேதான் பலருக்குக் கை வெந்துபோகிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு அழுத்த வால்வு. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைப்பது அதன் வேலை. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கூடுதலாக 1 பார் அழுத்தம் இருந்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தைக் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். அதனால் உள்ளே 110 டிகிரியில் இருக்கும் நீர் சாதுவாகத்தான் இருக்கும், நாம் மூடியைத் திறக்கும் வரை. திறந்த நொடியில் அழுத்தம் போய், இருந்த நீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிச் சீறும். துணியைச் சுற்றித் திறந்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் தளர்வாக அமுங்க வேண்டும், தொட்டால் சுடக்கூடாது. அதுவரை காத்திருப்பதுதான் ஒரே வழி. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆறும் முன்னே குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தப்பு. இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் திடீர்க் குளிர்ச்சியில் வளையலாம், விரிசலும் விடலாம்.

ஆறிய பிறகு ஒன்றரை லிட்டர் போல் தண்ணீர் ஊற்றி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். காலியான சாலையில் வந்த அந்த வழி முழுக்க முள் நடுவிலேயே நின்றது. அதையும் நான் கவனிக்கவில்லை. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் போனில் ஒரு நண்பரிடம் சொன்னேன். "தெர்மோஸ்டாட்டா இருக்கும். கழட்டித் தூக்கிப் போடு, பிரச்சினையே இல்ல" என்றார். வண்டி சூடாகிறது என்று யாரிடம் சொன்னாலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது. பழைய கூலன்ட்டை ஒரு தொட்டியில் இறக்கி, ஹவுசிங்கின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மூடினேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து விளிம்பு வரை ஊற்றினேன். அரை மணி நேர வேலை. தொட்டியில் இறக்கிய கூலன்ட் அங்கேயே திறந்து கிடந்தது. சாயங்காலம் ஒரு பூனை அதை முகர்ந்துகொண்டு நின்றதைப் பார்த்துத்தான் ஓடிப்போய் மூடினேன். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கொஞ்சமாக நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். நாய்க்கும் ஆபத்துதான், குழந்தைக்கும்தான்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அநியாயமாகத் தண்டனை வாங்கியது அதுதான். கட்டைவிரல் அளவுப் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. மெழுகு உருகினால் பருமன் கூடும். அந்த விரிவு ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய இந்த மெழுகு ஏற்பாடு இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் அப்படியே இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து, நீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விட்டு, சீக்கிரம் சூடேற்றுகிறது. இன்ஜினுக்குச் சூடு தேவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர்ந்த இன்ஜினுக்கு அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும், மைலேஜ் விழும், எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் தங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்புறத்தில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. முன் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு போய், நீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் அந்தக் குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். என் வண்டி அந்த வகை. குளிரட்டும் என்று எடுத்ததே குளிர்ச்சியைக் குறைத்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான் அப்புறம். முன்பு நெரிசலில் மட்டும் ஏறிய முள், இப்போது நல்ல வேகத்தில் போகும்போதும் ஏறியது. அதுவும் ஒழுங்காக ஏறவில்லை. திடீரென்று மேலே பாயும், ஒரு வளைவு திரும்பினால் பொத்தென்று கீழே விழும். பயந்துபோய் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தது. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று! இதைவிடத் தெளிவாக ஒரு வண்டி பேச முடியாது. எனக்குத்தான் பாஷை தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் மறுபடியும் ஸ்பேனரும் கையுமாக நின்றதைப் பார்த்து வந்தவர், பானெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்போ சூடாகுது தம்பி?" என்றார்.

"அடிக்கடி ஆகுதுண்ணா."

"எத்தனை தடவைன்னு கேக்கல. எப்போன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. அவர் நின்றபடியே சொன்னதை அன்றிரவு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால், காற்றுப் பிரச்சினை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நின்றால் ஃபேன்தான் கதி. எனவே ஃபேனைப் பார். நின்றால் சும்மா இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால், தண்ணீரின் ஓட்டத்தில் குறை. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். பம்ப்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம். கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்துக்குள் ஏறி, மேல் ஹோஸ் கொதிக்கக் கொதிக்க ரேடியேட்டரின் அடிப்பகுதி ஜில்லென்று இருந்தால், அப்போதுதான் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட வேண்டும். முள் குதித்துக் குதித்து ஏறி, ஹீட்டரும் குளிர்ந்தால், தண்ணீர் குறைவு அல்லது உள்ளே ஏர் லாக், அதாவது காற்று அடைபட்டிருக்கிறது.

நான்கையும் எழுதிவிட்டுப் பார்த்தால், என் வண்டி முதல் நாள் முதல் வகையில் இருந்தது. நான் கை வைத்த பிறகு நான்காவதுக்குத் தாவியிருந்தது. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்போது முள் ஏறும், காற்றுக் குமிழி வந்து நின்றால் விழும். முள்ளின் அந்தக் குரங்குத்தனத்துக்கு அதுதான் காரணம்.

அந்த முள்ளும் அப்படியொன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று நிறைய கார்களில் அதை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 75 டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும் வரை நடுவிலேயே நிற்கும். அது நகர்ந்து நம் கண்ணில் படும்போது காரியம் முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் ரீடரைச் செருகினால், இன்ஜின் கம்ப்யூட்டர் பார்க்கும் அதே எண்ணை நாமும் போனில் பார்க்கலாம். இந்த முழு வேலையிலும் நான் வாங்கியதற்கு வருத்தப்படாத பொருள் அது.

முதலில் என் தவறுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. 81, 82 என்று எண் ஏற, மூடியிருந்த வால்வு ஒரு மயிரிழை திறந்தது. 95 வாக்கில் முழுசாக வாய் பிளந்துவிட்டது. இறக்கி ஆறவைத்ததும் மூடிக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. நான்கைந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. புது கேஸ்கெட் போட்டு, அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் பின் மேல்பக்கம் வரும்படி வைத்துப் பூட்டினேன். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற அந்தப் பின்னின் துளைதான் வழி. தலைகீழாக வைத்தால் அந்த வழியும் போச்சு.

குழாய்த் தண்ணீரை முழுவதும் இறக்கினேன். அதிலுள்ள சுண்ணாம்புதான் நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் உப்பாகப் படிகிறது. கூலன்ட் என்றால் உறையாமல் இருக்க ஊற்றுவது, குளிர் இல்லாத இடத்தில் எதற்கு என்று ஒரு பேச்சு உண்டு. உறைநிலை இறங்குவது ஒரு பலன்தான். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அதைவிட முக்கியம், அது கொதிநிலையை ஏற்றுகிறது, துருப் பிடிக்காமல் காக்கிறது. நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதுதான் கணக்கு. வகை மாறிக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.

நிரப்புவதில்தான் பொறுமை வேண்டும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ரேடியேட்டரின் வாயை மொத்த ஓட்டத்திலேயே உயரமான இடமாக ஆக்கினேன். ஹீட்டர் முழுச் சூட்டில். பாதிக்குப் பாதி கனிமநீக்கிய தண்ணீரோடு கலந்த கூலன்ட்டை நூல் போல ஊற்றிக்கொண்டே, ஹோஸ்களை மாடு கறப்பது போல அமுக்கி அமுக்கி விட்டேன். குபுக், குபுக் என்று குமிழி வந்துகொண்டே இருந்தது. மூடியைப் போடாமல் இன்ஜினை ஓட விட்டேன். 80ஐத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து, வாயில் நின்ற நீர் மடக்கென்று உள்ளே இறங்கியது. மறுபடி ஊற்றினேன். அரை மணி நேரத்தில் குமிழி நின்றது. ஹீட்டரில் சுடுகாற்று வந்தது. ஃபேன் ஒரு முறை ஓடி நின்றால் மூடியைப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

போனில் எண் 95 ஆனது. 98. 101. ஃபேன் அசையவில்லை. 104. இன்ஜினை அணைத்தேன்.

ஃபேன்! நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஏசியில் வெதுவெதுப்பு, அதுவும் வண்டி நின்றால் மட்டும். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தானே நிற்கிறது? அதற்கும் இதே ஃபேன்தானே காற்று இழுக்க வேண்டும்? காஸும் குறையவில்லை, ஒன்றும் குறையவில்லை. மூன்று வாரமாக வண்டி ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இனிமேல் அவசரப்படவில்லை. ஆறிய பின் இன்ஜினை ஓட விட்டு ஏசியைப் போட்டேன். என் வண்டி போன்ற பலவற்றில் ஏசி போட்டதும் சூடு எவ்வளவு என்று பார்க்காமல் ஃபேன் ஓட வேண்டும். அப்படி ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் சென்சார் பக்கம் போயிருப்பேன். இரண்டுக்குமே ஓடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டேன். ஃபேன் ஓடவில்லை, ஆனால் கழற்றிய ரிலேயில் ஹாரன் அடித்தது. ஃபேனின் கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இங்கே ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. ஒயர் முழுக்க அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் பாயாது. அதனால் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோர்த்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் ஒயர் சுத்தம், மோட்டார்தான்.

கனெக்டரைத் திரும்ப மாட்டி, சுத்தியலின் மரக் காம்பால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தது போல் ஒரு உதறல் உதறிச் சுற்ற ஆரம்பித்தது. மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து போனதன் அடையாளம் இது. ஸ்பிரிங் தள்ளும் நீளம் தீர்ந்துவிட்டதால் பிரஷ் உள்ளே ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது, தட்டினால் ஒட்டிக்கொள்கிறது. (இப்படிச் சோதிப்பவர்கள் கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடும். கழற்றும் வேலை என்றால் முதலில் பேட்டரியைப் பிரித்துவிடுவது நல்லது.)

புது மோட்டார் வந்தது. கனெக்டர் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பழையதை வெட்டி ஒட்டு போட்டு, ஃபேனை மாட்டி ஓட விட்டேன். சத்தம் கம்பீரமாக இருந்தது. ஆனால் எண் இறங்குவேனா என்றது. நூறுக்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. அரை நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் பெரியவர், என் மகளின் நோட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து கிரில் முன்னால் பிடித்தார். காகிதம் கிரில்லில் போய் ஒட்டியிருக்க வேண்டும். பறந்து என் காலடியில் விழுந்தது. பிளஸ் மைனஸை மாற்றி ஒட்டியிருக்கிறேன். ஃபேன் உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இறக்கையின் வளைவு ஒரு திசைக்கானது, எதிர்த் திசையில் ஓடினால் காற்றும் குறைவு, ஓடும் வண்டியின் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும் வேறு. என் மூன்றாவது கைவேலை அது. ஒயர்களை மாற்றியதும் காகிதம் சப்பென்று ஒட்டியது. எண் 96ல் ஃபேன் எழுந்தது, 91ல் நின்றது. ஏசியில் பனிக்காற்று.

மனதுக்குள் ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு தடவை கொதித்த இன்ஜினில், ஹெட்டுக்கு அடியில் சிலிண்டரையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ? ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். அதற்குள் அது கல் மாதிரி இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். தளர்வாகத்தான் இருந்தது. சைலன்சரில் இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை இல்லை. எண்ணெய் மூடியில் பால்கோவா நிறத்தில் கொஞ்சம் பிசுக்கு இருந்ததைப் பார்த்து நெஞ்சு அடைத்தது. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரத்தாலும் அது வரும், டிப்ஸ்டிக்கில் எண்ணெய் சுத்தமாக இருந்தால் சரி என்றார் பெரியவர். இருந்தாலும் சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அங்கிருந்து வரும் காற்றை நீல நிற திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிடம் உறிஞ்சினேன். நீலம் நீலமாகவே இருந்தது. மஞ்சளாகியிருந்தால் அத்தோடு கையைக் கழுவிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போயிருப்பேன். ஹெட்டைக் கழற்றி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வளைவைக்கூட அளந்து, சொன்ன வரிசையில் போல்ட் முடுக்கும் வேலையெல்லாம் என் வாசலில் நடக்காது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்திருந்ததால் அதையும் மாற்றினேன், அதே எண் பார்த்து. ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவே அடைந்திருந்த பூச்சிகளையும் பஞ்சையும் இன்ஜின் பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒரு மாதம் ஓடிவிட்டது. நெரிசலில் எண் 96ஐத் தாண்டியதில்லை.

ஆனால் ரிசர்வ் டேங்கில் கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு குறைந்திருக்கிறது. நேற்று டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். வாட்டர் பம்ப்பின் அடியில், சீல் தேய்ந்தால் கசிவைக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் சின்னத் துளையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஸ்பேனரை எடுக்கவில்லை. நோட்டில் தேதி போட்டு, மட்டம் எங்கே நிற்கிறது என்று கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.